திருச்சிக்குள் பழைய ஃபிளாட்: பெரிய வீடு தேடுகிறவர்களுக்கு

தில்லை நகர், தென்னூர், புத்தூர், உறையூர், ஆற்றைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். திருச்சியில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, காய்கறிக் கடை, கோயில் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் வேண்டும் என்பவர்கள் இந்தப் பெயர்களைத்தான் சொல்வார்கள். இங்கே புது ஃபிளாட் வருவது குறைவு. வந்தாலும் விலை கையைச் சுடும், அல்லது அறைகள் தீப்பெட்டியாக இருக்கும். ஆனால் இருபத்தைந்து, முப்பது வருஷத்துக்கு முன் கட்டிய மூன்று மாடி, நான்கு மாடிக் குடியிருப்புகளில் அவ்வப்போது ஒரு வீடு விலைக்கு வரும். ஹாலில் ஒன்பது படி கொலு வைத்தாலும் நடக்க இடம் மிஞ்சும். பூஜை அறை தனி, ஸ்டோர் ரூம் தனி, ஒவ்வொரு அறையிலும் பரண், துணி காயப்போட வெயில் விழும் பால்கனி.

இப்படி வீடு தேடி வருகிறவர்களைப் பெரும்பாலும் மூன்று வகையில் அடக்கிவிடலாம். மன்னார்குடி, திருவாரூர் பக்கம் கொஞ்சம் நிலத்தை விற்றுப் பிள்ளைகள் படிப்புக்காக வருகிறவர்கள். சென்னையிலோ பெங்களூரிலோ வேலையை முடித்துக்கொண்டு சொந்தப் பக்கம் திரும்புகிறவர்கள். சிங்கப்பூரில், வளைகுடாவில் இருந்துகொண்டு அப்பா அம்மாவுக்காக வாங்குகிறவர்கள். மூன்று தரப்பும் வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது தரை டைல்ஸ், சமையலறை அலமாரி, சுவர் பெயின்ட். பழைய ஃபிளாட்டில் நீங்கள் உண்மையில் காசு கொடுப்பது வேறு மூன்றுக்கு: மண்ணில் ஒரு பங்கு, கட்டடத்தின் மிச்ச ஆயுள், கூடவே இருக்கப்போகிற பத்துப் பதினைந்து குடும்பங்கள். டைல்ஸை மாற்றிக்கொள்ளலாம். இந்த மூன்றையும் மாற்ற முடியாது.

ஏரியாவைவிடத் தெரு முக்கியம்

தில்லை நகர் என்றால் எல்லாம் ஒன்றல்ல. சாஸ்திரி ரோட்டை ஒட்டிய கிராஸும் இரண்டு தெரு உள்ளே இருக்கும் கிராஸும் வேறு வேறு உலகம். மருத்துவமனை, ஸ்கேன் சென்டர், டியூஷன் சென்டர் இருக்கும் தெருவில் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் வாசலிலேயே உங்கள் வண்டியை நிறுத்த இடம் இருக்காது. காலை பதினொரு மணிக்குத் தரகர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும்போது தெரு அமைதியாகத்தான் இருக்கும். சாயங்காலம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை காலை ஒருமுறை, ராத்திரி பத்து மணிக்கு ஒருமுறை தரகர் இல்லாமல் நீங்களே போய் நில்லுங்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் இரண்டு சட்டை கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தால், எந்த அப்பார்ட்மென்டில் தண்ணீர் லாரி வருகிறது, எங்கே வீட்டுக்காரர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் வந்துவிடும்.

ஸ்ரீரங்கத்தில் வாங்குகிறவர்கள் மார்கழியில் வைகுண்ட ஏகாதசி சமயத்தில் ஒரு நடை போய்ப் பாருங்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்து மனசு நிறைகிறவர்கள் வாங்கலாம், எரிச்சல் வருகிறவர்கள் தென்கரையிலேயே தேடிக்கொள்வது நல்லது.

"பஸ் ஸ்டாண்ட் பக்கம்" என்று விளம்பரத்தில் இருந்தால் எந்த பஸ் ஸ்டாண்ட் என்று கேளுங்கள். 2025இல் பஞ்சப்பூரில் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் திறந்தபின் வெளியூர் பஸ் பிடிக்கும் கணக்கே மாறிவிட்டது. பழைய விளம்பர வாசகம் மட்டும் மாறவில்லை.

வெள்ளத்தைப் பற்றியும் விசாரியுங்கள். 1977 நவம்பர் புயலில் ஊருக்குள் தண்ணீர் வந்ததைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2005 வெள்ளம் நடுத்தர வயதுக்காரர்களுக்கே நினைவிருக்கும். இங்கே பயம் காவிரியால் மட்டுமல்ல. கோரையாறு, குடமுருட்டி, உய்யக்கொண்டான் வாய்க்கால் மூன்றும் ஒரே நேரத்தில் நிரம்பும் நாள்தான் ஆபத்து. தரைத்தளத்தில் வீடு பார்க்கிறீர்கள் என்றால் தெருவில் நீண்டநாள் இருக்கும் மளிகைக் கடைக்காரரிடம், "2005ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணே?" என்று கேளுங்கள். அவர் கையை வைத்துக் காட்டும் உயரம்தான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள்

பழைய பத்திரத்தில் 1,350 சதுர அடி என்றிருந்தால் பெரும்பாலும் சுவரோடு சேர்த்து அளந்தால் அதை ஒட்டி வரும். இப்போதைய ஃபிளாட்டில் அதே 1,350க்குள் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்திருப்பார்கள், உள்ளே காலூன்ற ஆயிரத்தை ஒட்டித்தான் மிஞ்சும். அதனால் சதுர அடி விலையை மட்டும் வைத்துப் புதியதையும் பழையதையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். ஒவ்வொரு அறையையும் சுவருக்குச் சுவர் அளந்து கூட்டி, கேட்கும் விலையை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். பல சமயம் பழைய வீடு மலிவாகத் தெரிவதும், சில சமயம் அவ்வளவு மலிவில்லை என்று புரிவதும் இந்த இடத்தில்தான்.

பால்கனியை கிரில் போட்டு அடைத்து அறையாக்கியிருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அது அங்கீகரித்த வரைபடத்தில் இருக்காது.

மண்ணில் உங்கள் பங்கு

யு.டி.எஸ். என்று எல்லோரும் சொல்லும் பிரிக்கப்படாத நிலப் பங்குதான் பழைய ஃபிளாட்டின் உயிர். கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு மதிப்புக் குறையும், மண் குறையாது. ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: மனை 9,600 சதுர அடி, பதினாறு வீடு, ஆளுக்கு 600 சதுர அடி. அந்தத் தெருவில் நிலம் சதுர அடி 6,000 ரூபாய் போகிறது என்றால் உங்கள் மண் 36 லட்சம். வீட்டுக்கு 60 லட்சம் கேட்டால் கட்டடத்துக்கு 24 லட்சம் தருகிறீர்கள். அதே மனையில் இருபத்துநான்கு வீடு இருந்தால் பங்கு 400, மண் 24 லட்சம், கட்டடத்துக்கு 36 லட்சம். முப்பது வருஷக் கட்டடத்துக்கு அவ்வளவு தரலாமா என்று அப்போது யோசிக்கத் தோன்றும். மா, குழிக் கணக்கில் நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இது இன்னும் சுருக்கெனப் புரியும்: பதினாறு குடும்பம் பகிர்ந்துகொள்ளும் அந்த மனை முழுவதும் சேர்த்தாலும் ஒரு மாவில் மூன்றில் இரண்டு பங்குதான்.

பங்கு எவ்வளவு என்று பத்திரத்தில் பார்ப்பதோடு நிற்காதீர்கள். எல்லா வீட்டுப் பங்குகளையும் கூட்டினால் மொத்த மனைக்குச் சரியாக வருகிறதா? சில குடியிருப்புகளில் கட்டியவர் கொஞ்சம் பங்கைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டிருப்பார். பிற்காலத்தில் மொட்டை மாடியில் ஒரு வீடு கட்டலாம் என்ற எண்ணம். இன்னும் சில இடங்களில் வரைபட அனுமதி மூன்று மாடிக்கு, கட்டியது நான்கு. நீங்கள் பார்ப்பது அந்த நான்காவது மாடி என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அங்கீகரித்த வரைபடத்தின் நகலைச் சங்கத்திடமோ மாநகராட்சியிடமோ கேட்டு வாங்கி, மாடிகளையும் வீடுகளையும் எண்ணிச் சரிபாருங்கள்.

நாளைக்குக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு வரும்போதும் இந்தப் பங்குதான் பேசும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்ய வழி விடுகிறது. முன்பெல்லாம் ஒரு வீட்டுக்காரர் முரண்டு பிடித்தால் எல்லோரும் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். ஆனால் தஞ்சாவூரில் பெரிய கோயில் பக்கம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கவேண்டும். இடித்துக் கட்டும் கனவை அங்கே விலையில் சேர்க்கக் கூடாது.

மனை யாருடையது: டெல்டாவில் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும். கும்பகோணம், மயிலாடுதுறை, ஸ்ரீரங்கம் போன்ற கோயில் ஊர்களில் வீடு ஒருவருடையது, அதன் கீழே உள்ள மனை கோயிலுடையது அல்லது மடத்துடையது என்ற நிலை பரவலாக உண்டு. தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பார்கள், வரி கட்டுவார்கள், மின் இணைப்பு அவர்கள் பெயரில் இருக்கும், ஆனால் மண்ணுக்கு வாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள். ஸ்ரீரங்கத்தில் அடிமனை விவகாரம் என்று கேட்டால் எந்த டீக்கடையிலும் அரை மணி நேரம் பேசுவார்கள். பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி கோயில் நிலத்தை உரிய அனுமதி இல்லாமல் கிரயம் பதிய முடியாது. முன்பு ஒருகாலத்தில் பதிந்திருக்கிறார்களே என்ற வாதம் இன்று சார்பதிவாளர் முன் எடுபடாது.

அதனால் வக்கீல் ஃபீஸ் கொடுக்கும் முன்பே, அட்வான்ஸ் பேசும் முன்பே, நகரளவை எண்ணை வாங்குங்கள். வார்டு, பிளாக், டவுன் சர்வே நம்பர் மூன்றும் வேண்டும். அந்த எண்ணுக்கு நகர நிலஅளவைப் பதிவேட்டின் நகல் எடுத்தால் யார் பெயரில் மனை இருக்கிறது என்று தெரியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்திலேயே, "இந்த நம்பரில் பதிவுக்குத் தடை இருக்கா சார்?" என்று கேட்டுவிடுங்கள். தடை இருந்தால் மேற்கொண்டு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

பத்திரக் கட்டு

நல்ல வக்கீல் ஒருவரிடம் கட்டைக் கொடுத்துச் சட்டக் கருத்து எழுதி வாங்குவதுதான் முறை. அவரைத் தரகர் காட்டக் கூடாது, விற்பவரும் காட்டக் கூடாது. இருந்தாலும் என்ன பார்க்கிறார் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

முப்பது வருஷத்துக்குக் குறையாமல் வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின்மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றின் பட்டியல், போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் 1975 முதலான பதிவுகளை வீட்டிலிருந்தே பார்க்கலாம், அதற்கு முந்தியது என்றால் அலுவலகத்தில் மனுப் போடவேண்டும். சான்றில் வரும் ஒவ்வொரு வரிக்கும் கையில் ஒரு பத்திரம் இருக்கவேண்டும். அடமானம் என்று ஒரு வரி இருந்தால் அது தீர்ந்ததற்கான ரசீதுப் பதிவு கீழே எங்காவது இருக்கவேண்டும். கடனை அடைத்துவிட்டு அந்த ரசீதைப் பதியாமல் விட்டவர்கள் ஏராளம். அதை விற்பவர்தான் பதிந்து தரவேண்டும், "பத்திரம் போட்டுட்டு அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய ஃபிளாட்டுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்தில் நிலப் பங்கை மட்டும்தான் கிரயம் பதிவார்கள். வீட்டைக் கட்டித் தருவதற்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம், பெரும்பாலும் பதியாமலேயே, போட்டுக்கொள்வார்கள். ஆக வில்லங்கச் சான்றில் 600 சதுர அடி மண் இருக்கும், "இரண்டாம் மாடி, ஆறாம் எண் வீடு" என்பது எங்கும் இருக்காது. அந்த ஒப்பந்தமும், கட்டியவர் சாவி கொடுத்த கடிதமும், ஆரம்பத்திலிருந்து அதே பெயரில் வந்த சொத்துவரி ரசீதும் சேர்ந்தால்தான் அந்த மண்ணுக்கு இந்த வீடு என்று நிரூபணமாகும். உங்கள் பத்திரத்தில் நிலப் பங்கு, வீட்டு எண், மாடி, பரப்பு, சக்குபந்தி (நான்கு பக்க எல்லை), கார் நிறுத்தும் இடம் எல்லாம் எழுதப்பட வேண்டும். கார் இடத்தை வாய்வார்த்தையாக வாங்கியவர்கள் இன்றைக்கும் மழையில் வண்டியைத் தெருவில் நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

நில உரிமையாளர் தன் சார்பில் விற்க அதிகாரப் பத்திரம் (பவர்) கொடுத்து, அந்தப் பவரை வைத்து பில்டர் வீடுகளை விற்றிருந்தால், உங்கள் விற்பவருக்குப் பத்திரம் ஆன தேதியில் நில உரிமையாளர் உயிரோடு இருந்தாரா என்று பாருங்கள். பவர் கொடுத்தவர் போனால் பவரும் போயிற்று.

வாரிசுக் கதை தனி. அப்பா வாங்கிய ஃபிளாட், அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. "தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சு சார்" என்பது குடும்பத்துக்குள் செல்லும், பத்திரத்தில் செல்லாது. அவரும் வந்து கையெழுத்துப் போடவேண்டும் அல்லது தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிந்து தரவேண்டும். பலரும் கோட்டைவிடுவது இன்னொருவரை: இறந்தவரின் அம்மா. மகன் இறந்தபோது அந்தப் பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அவர் பிறகு காலமாகியிருந்தால் அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். வாரிசுச் சான்றில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கட்டடத்தைப் பார்க்க ஒரு முழுக் காலை

சிவில் இன்ஜினீயர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். கட்டணம் கொடுத்தே கூட்டிப் போங்கள், சும்மா வந்தவர் மேலோட்டமாகத்தான் பார்ப்பார். நீங்களும் ஒரு டார்ச்சும் ஒரு கட்டைக் குச்சியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பிக்கவேண்டிய இடம் வீடு அல்ல, கீழே கார் நிற்கும் இடம். அங்கே கூரையில் பூச்சு அழகுபடுத்தியிருக்க மாட்டார்கள், பீமும் தூணும் உள்ளபடி தெரியும். பீமின் அடியில் நீளவாக்கில் விரிசல் ஓடி, அதன் ஓரம் செம்பழுப்பாகக் கசிந்திருந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். காங்கிரீட் புதிதாக இருக்கும்வரை அதன் காரத்தன்மை கம்பியைக் காக்கும். வருஷக்கணக்கில் காற்றும் ஈரமும் உள்ளே இறங்கினால் அந்தக் காவல் போய்விடும். துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் மேலே உள்ள காங்கிரீட்டை உள்ளிருந்து நெம்பித் தள்ளும். ஒரு இடத்தில் இரண்டு இடத்தில் பெயர்ந்திருந்தால் செப்பனிடலாம். தூண்கள் பலவற்றில் இருந்தால் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்புங்கள். சுவர் பூச்சில் வரும் மயிர்க்கோட்டு விரிசலைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அது எல்லாப் பழைய வீட்டிலும் உண்டு.

அடுத்து மொட்டை மாடி. பழைய கட்டடங்களில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தட்டி, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். குச்சியால் தட்டிக்கொண்டே நடங்கள். கெட்டியான சத்தம் வரும் இடம் பிடிப்போடு இருக்கிறது, பொள்ளென்று கேட்கும் இடத்தில் ஓடு விட்டுப்போயிருக்கிறது, அங்கே தண்ணீர் நிற்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா? முளைத்ததைப் பிடுங்கக்கூட ஆளில்லாத கட்டடம் என்றால் மற்றதையும் ஊகித்துக்கொள்ளுங்கள்.

இனி வீட்டுக்குள். உங்கள் கழிவறையின் கூரையைப் பாருங்கள், அது மேல் வீட்டுக் கழிவறையின் அடிவயிறு. உங்கள் கழிவறையின் அடிவயிறு கீழ் வீட்டில் இருக்கிறது, அதைப் பார்க்காமல் வரக்கூடாது. கீழ் வீட்டு மணியை அடித்து, "மேல் வீட்டை வாங்கலாம்னு பார்க்கிறோம்மா, உங்க பாத்ரூம் சீலிங்கை ஒரு தடவை பார்த்துக்கலாமா?" என்று கேளுங்கள். மறுக்கிறவர்கள் குறைவு. ஒழுகினால் அவர்களே கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டுவார்கள், எத்தனை வருஷமாகச் சொல்லியும் யாரும் சரிசெய்யவில்லை என்ற கதையோடு. கழிவறைத் தளத்தைப் பள்ளமாக இறக்கி நிரப்பியிருக்கும் பழைய முறையில் உள்ளே குழாய் இணைப்பு விட்டுப்போனால் முழுதும் கொத்தி எடுத்துத்தான் சரிசெய்ய முடியும். அந்தச் செலவு வீட்டை வாங்குபவர் தலையில்தான் விழும், அதனால் விலை பேசும்போதே எடுத்து வையுங்கள்.

ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால், அந்தச் சுவரின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

குழாய்கள் ஜி.ஐ. என்னும் பழைய இரும்புப் பைப்பாக இருந்தால் மாற்றியே ஆகவேண்டும். வயரிங் அப்படியே. அந்தக் காலத்தில் இரண்டு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ் என்று கணக்குப் போட்டு இழுத்த வயரில் மூன்று ஏ.சி.யும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஓடாது. வீட்டுக்கு மும்முனை இணைப்பு உண்டா, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். லிஃப்ட் இருந்தால் அதன் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

தண்ணீரைப் பற்றி மே மாதக் கடைசியில் விசாரியுங்கள். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய வாரங்களில் ஆறு மணல்வெளியாகக் கிடக்கும், ஆற்றை நம்பிய போர்வெல்களில் நீர்மட்டம் அப்போதுதான் அடியில் இருக்கும். ஆடியில் வந்து பார்த்து "தண்ணி அருமையா இருக்கு" என்று சொல்வதில் பொருளில்லை. மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம், தரைத்தொட்டி எத்தனை லிட்டர் என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள். பாதாளச் சாக்கடை இணைப்பு இருக்கிறதா, இன்னும் செப்டிக் டேங்கா என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

எந்த மாடி? என் கட்சி, முதல் மாடி அல்லது இரண்டாம் மாடி. மேல்மாடி திருச்சி வெயிலில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் அனலை இறக்கிக்கொண்டிருக்கும், தரைத்தளத்தில் கொசுவும் சாக்கடை எதிர்த்து வரும் தொல்லையும். வயதானவர்களுக்காக வாங்குகிறீர்கள், லிஃப்ட் இல்லை என்றால் தரைத்தளத்தைத் தவிர வேறு வழியில்லை.

சங்கத்தின் நோட்டு

நான் மிகவும் அழுத்திச் சொல்வது இதைத்தான். வீடு பிடித்திருந்தால், விலை பேசும் முன், குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் வங்கியிலோ ரயில்வேயிலோ பெல் நிறுவனத்திலோ ஓய்வு பெற்ற ஒருவர். உட்காரவைத்துக் காபி கொடுப்பார். கணக்கு நோட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அதைக் காட்டுவதில் பெருமைப்படுகிற செயலாளர் இருக்கும் கட்டடத்தை நம்பி வாங்கலாம். "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினையில்ல, நீங்க குடி வாங்க" என்று மழுப்பினால் நோட்டே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டில் பார்க்கவேண்டியவை சில. மாதப் பராமரிப்புத் தொகை கடைசியாக எப்போது உயர்ந்தது? பத்து வருஷமாக அதே தொகை என்றால் மலிவு என்று மகிழவேண்டாம், பத்து வருஷமாகக் கட்டடத்துக்கு எதுவும் செய்யவில்லை என்று பொருள். எத்தனை வீடு பாக்கி வைத்திருக்கிறது? பாக்கிக்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு என்றால் மோட்டார் எரிந்தால் மாற்றக்கூடக் காசு இருக்காது. மொட்டை மாடி ஒழுகலுக்குக் கடைசியாகச் செலவு செய்தது எப்போது, அந்தச் செலவை எல்லோரும் பகிர்ந்தார்களா, மேல்மாடிக்காரர் தலையில் கட்டினார்களா? இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலிலேயே அந்தக் குடியிருப்பின் குணம் வெளிப்பட்டுவிடும்.

சங்கம் பதிவு செய்யப்பட்டதா, எத்தனை வீட்டில் சொந்தக்காரர்கள், எத்தனையில் வாடகை, எத்தனை வீடு வெளிநாட்டில் இருப்பவர்களுடையதாகப் பூட்டிக் கிடக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூட்டிய வீடுகள் அதிகமென்றால் அமைதி கிடைக்கும், கையெழுத்து கிடைக்காது. சைவ, அசைவ நிபந்தனை, நாய் வளர்ப்பது, மாடியில் வடகம் காயவைப்பது போன்றவற்றில் எழுதாத சட்டங்கள் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் இப்போதே விலகிக்கொள்ளுங்கள், குடிவந்தபின் மாற்றிவிடலாம் என்று எண்ணாதீர்கள்.

விற்பவருக்கு நிலுவை எதுவுமில்லை என்று சங்கத்திடம் கடிதம் வாங்குவதை மறக்கவேண்டாம்.

பணக் கணக்கு

வங்கி வீட்டுக் கடன், ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் வரை மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்ற உச்சவரம்புக்குள்தான் வரும். இந்தச் சதவீதத்தைக் கடன் தொகைக்கு ஏற்ப வைத்திருக்கிறார்கள், வீட்டு மதிப்பாக வங்கி எடுத்துக்கொள்வதோ அதன் மதிப்பீட்டாளர் எழுதும் தொகை. பழைய கட்டடத்தில் அவர் நீங்கள் பேசிய விலையைவிடக் குறைவாக எழுதுவது சகஜம். 60 லட்சம் பேசியிருக்கிறீர்கள், அவர் 52 என்று எழுதினார் என்றால், 80 சதவீதம் 41 லட்சத்து 60 ஆயிரம். மீதி 18 லட்சத்து 40 ஆயிரம் உங்கள் கையிலிருந்து. கட்டடத்தின் மிச்ச ஆயுளைப் பார்த்துத் தவணைக் காலத்தையும் வங்கி சுருக்கும். எனவே விலை முடிக்கும் முன்பே வங்கிக்குப் போய், இந்த முகவரிக் கட்டடத்துக்கு ஏற்கெனவே கடன் கொடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் பாதிப் பரிசோதனை முடிந்த மாதிரி.

இதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், தரகு, வக்கீல், இன்ஜினீயர். பிறகு குழாய், வயரிங், கழிவறை. இந்த ரிப்பேர் பணத்தைத் தனியாக எடுத்துவைக்காமல் பழைய வீடு வாங்கக் கூடாது.

ஒப்பந்தமும் பதிவும்

பேரத்துக்கு நல்ல மாதம் ஆடி. வாங்குகிறவர்கள் ஒதுங்கி நிற்பார்கள், அவசரத்தில் இருக்கும் விற்பவர் இறங்கி வருவார். நாள் பார்க்கிறவர்களுக்கும் ஆடிப்பெருக்கு இருக்கிறது. அன்றைக்குப் பதிவு அலுவலகத்தில் கூட்டம் தாங்காது, கூடுதல் டோக்கன் கொடுப்பார்கள்.

விலை முடிந்ததும் கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிந்துகொள்ளுங்கள். அட்வான்ஸ் பெரிதாக வேண்டாம். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்கவேண்டாம், வருமானவரிச் சட்டப்படி விற்பவர் அதை ரொக்கமாகப் பெறுவது தவறு. சட்டக் கருத்தில் குறை வந்தால், வங்கிக் கடன் மறுக்கப்பட்டால், முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கவேண்டும்.

விலை 50 லட்சத்தைத் தொட்டால் ஒரு சதவீதத்தை நீங்கள் பிடித்து வருமானவரிக்குக் கட்டவேண்டும், மறந்தால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 50 லட்ச வரம்பே கிடையாது, பிடிக்கவேண்டியதும் பல மடங்கு அதிகம். டெல்டாவில் இப்படி விற்பவர்கள் நிறைய, ஆகவே ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் விற்பவர் பவர் மூலமாக விற்றால், அந்தப் பவர் தூதரக முத்திரையோடு வந்து இங்கே முறைப்படி முத்திரைத் தீர்வை கட்டப்பட்டதா, கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்று இருக்கிறதா என்று பாருங்கள். வீடியோ அழைப்பில் அவரோடு நீங்களே ஒருமுறை பேசிவிடுங்கள், தம்பியோ மைத்துனரோ சொன்னதை மட்டும் நம்பிப் போகவேண்டாம்.

பதிவன்று அசல் மூலப்பத்திரங்கள் முழுவதையும் எண்ணி, பட்டியல் எழுதி, விற்பவர் கையெழுத்தோடு வாங்குங்கள். சாவியும் அன்றே. வாடகைக்கு ஆள் இருக்கும் வீடு என்றால் காலி செய்தபின்தான் பதிவு.

பதிவுக்குப் பிறகு சொத்துவரி, குடிநீர், பாதாளச் சாக்கடைக் கட்டணம், மின் இணைப்பு, பட்டா, சங்கப் பதிவேடு ஆகிய எல்லாவற்றிலும் பெயர் மாற்றம். தள்ளிப்போட்டால் விற்றவர் பெயரிலேயே வருஷக்கணக்கில் கிடக்கும்.

வேலையைக் குடிபோகும் முன் முடியுங்கள், அதுவும் வரிசையாக: முதலில் கழிவறைத் தளமும் குழாய்களும், பிறகு வயரிங், பிறகு ஜன்னல் மரம், கடைசியில் பெயின்ட். கழிவறையைக் கொத்தி நீர்ப்புகாப் பூச்சு அடித்ததும் வாசலில் சிமென்டால் தடுப்புக் கட்டித் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் விடச் சொல்லுங்கள். மேஸ்திரி முனகுவார், விடாதீர்கள். அந்த இரண்டு நாளும் கீழ் வீட்டில் கூரையைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். உடைக்கும் வேலையைக் காலை பத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, எத்தனை நாள் சத்தம் இருக்கும் என்று முன்கூட்டியே எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டு, இடிபாட்டு மூட்டைகளைப் படிக்கட்டில் தேக்காமல் அன்றன்றே இறக்கச் சொல்லுங்கள்.